முன்னால் போகிறவரின் வரம்

அன்று கடைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் தங்கை, அவள் கணவரான எங்கள் வீட்டு மாப்பிள்ளை, கடைக்குச் சொந்தக்காரனான என் கடைசித் தம்பி, பக்கத்து மருந்துக்கடைக்காரர். ஆறாவதாக ஒருவரும் இல்லை. பாதி இறக்கிய ஷட்டருக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் காதால் கேட்டதாகச் சொல்லித் திரிகிறவருக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன். ஷட்டருக்கு வெளியே ஆள் நின்றால் உள்ளே இருப்பவர்களுக்குக் கால் தெரியும். அங்கே கால் எதுவும் இல்லை.

குடும்பத்தில் நான் மூத்தவன். வெளியே ஒரு பேச்சு கிளம்பினால் பதில் சொல்ல வேண்டியவன். பதில் சொல்லாமல் இருப்பதே மரியாதை என்று இதுவரை இருந்தேன். இப்போது அந்தப் பேச்சு என் தங்கை வேலை பார்க்கும் பள்ளி அலுவலகம்வரை போய்விட்டது. அவள் உள்ளே நுழைந்தால் தட்டச்சுச் சத்தம் நிற்கிறதாம். ஆகவே எழுதுகிறேன்.

தம்பிக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் கண் பரிசோதிக்கும் நாற்காலியும், கண்ணாடி வில்லைகளைத் தேய்க்கும் இயந்திரமும், ஒரு நீளமான மேசையும். சுவர் முழுக்க வில்லை போடாத வெற்று ஃபிரேம்கள். ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அந்த மேசையில்தான் நாங்கள் விளையாடுவோம். சீட்டாட்டம் அல்ல. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, அந்தக் கதைக்குள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் பகடை முடிவு செய்யும். பூதம், மந்திரம், கோட்டை, பாழடைந்த நகரம் எல்லாம் வரும். கூச்சல் போடக்கூடாது, தரையில் உருளக்கூடாது என்ற நிபந்தனையோடு நானும் ஒத்துக்கொண்டேன். கதை நடத்துபவன் தம்பி. மாப்பிள்ளை பேருந்து ஓட்டுகிறவர் என்பதால், ஓட்டுநர் ஏற்கெனவே இருக்கிறார், இப்போது நடத்துநரும் கிடைத்துவிட்டார், இனி டிக்கெட்தான் பாக்கி என்று மருந்துக்கடைக்காரர் முதல் நாளே சொன்னார். இருமல் சிரப்பு விற்கிறவர் என்பதால் அவரை நாங்கள் சிரப்பு என்றே கூப்பிடுவோம். அவருக்கும் அதில் வருத்தமில்லை.

என் பாத்திரம் வரிசையை விட்டு ஒரு அடியும் விலகாத காவலன். சிரப்பு மந்திரவாதி. தங்கை திருடி. எங்கள் குடும்பத்துப் பெண் திருடியாக இருந்தது அந்த மேசையில் மட்டும்தான் என்பதைப் பதிவு செய்கிறேன். மாப்பிள்ளை மலைகளைக் கடக்கும் பயணிகளுக்கு வழிகாட்டி. வண்டியை விட்டு இறங்கியும் வண்டி ஓட்டுகிறீர்களே என்று சிரப்பு கேட்டதற்கு, வேறு எதுவும் எனக்குத் தெரியாதே என்றார் மாப்பிள்ளை.

இந்த விளையாட்டில் அவ்வப்போது வரம் கிடைக்கும். வரம்தான் பெரிய தலைவலி. ஆரம்பத்தில் தம்பி, இப்படிக் கதை நடத்தும் மற்றவர்களைப் போலத்தான் செய்தான். கேட்டதைக் கொடுத்து, கேட்டவனையே மாட்டிவிடுவான். சிரப்பு தங்கம் கேட்டார். அவர் நின்றுகொண்டிருந்த கிணற்றுக்குள் தங்கத்தை உருக்கி ஊற்றினான். சிரப்பு சில நாள் எங்களோடு பேசவில்லை. அதற்குப் பிறகு எல்லோரும் உஷாராகி, வரத்தை நிலப்பத்திரம் மாதிரி கேட்கத் தொடங்கினோம். இன்னதற்கு உட்பட்டு, இன்னது நீங்கலாக, எனக்கோ என் வாரிசுகளுக்கோ பங்கம் வராமல் என்று. ஒரு மதியம் முழுக்க சிரப்பின் ஒரே ஒரு வரத்துக்குப் போனது. தம்பிக்கு அலுத்துவிட்டது.

பிறகுதான் அவன் தன் தொழில் முறையையே மேசைக்குக் கொண்டு வந்தான். கண் பரிசோதிக்கும்போது அவன் ஒருபோதும் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. ஒரு வில்லையைப் போடுவான், மாற்றி இன்னொன்றைப் போடுவான், இதுவா அதுவா என்று மட்டும் கேட்பான். சொன்ன பதிலை வைத்து அடுத்த ஜோடி. இரண்டும் ஒன்றுதான் என்று எப்போது சொல்கிறோமோ அங்கே நிறுத்தி, அதுதான் உங்கள் கண்ணுக்கான அளவு என்பான். வரத்துக்கும் இதையே செய்தான். கேட்டதை இரண்டாகக் காட்டி, எது என்று கேட்பான். கடைசியில் நின்றதை அப்படியே கொடுப்பான், சூது எதுவும் வைக்க மாட்டான். நியாயமான முறைதான். ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. என் தங்கை முதலில் கேட்டது யார் கண்ணிலும் படாத கை. ஜோடி ஜோடியாகக் கேட்டு முடித்தபோது அவள் வரம், யாரும் வந்து தட்டாத ஒரு பூட்டிய அறை என்று ஆகியிருந்தது. எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை, மாப்பிள்ளை இருந்த பக்கம் திரும்பவும் இல்லை.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஓட்டுவது மலைப்பாதை. இருட்டு பிரியும் முன் கிளம்பும் முதல் வண்டி அவருடையது. அவர் வண்டியில் ஏறுகிறவர்கள் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார்கள். அதை அவர் தனக்குக் கிடைத்த பட்டமாகச் சொல்வார். கண் நன்றாக இருக்கிறது என்று ஆண்டுதோறும் ஒரு சான்று டிப்போவில் கொடுக்க வேண்டும். இந்த ஆண்டு அதற்குக் கெடு, நான் சொல்லவரும் அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் காலை. சில நாள் முன்பு தங்கை என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. அவருக்கு நேரமில்லை, தம்பியையே கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். நான் தம்பியிடம் சொன்னேன். வீட்டு மாப்பிள்ளைக்கு ஒரு கையெழுத்து என்றால் யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அவன் மறுக்கவும் இல்லை, சரி என்றும் சொல்லவில்லை.

"அத்தான் வந்து நாற்காலியில உக்காரட்டும்ணா. ஒரு டீ ஆறதுக்குள்ள முடிச்சிடுவேன்."

மாப்பிள்ளை வரவில்லை. இத்தனைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் அவர் உட்காரும் இடத்திலிருந்து அந்த நாற்காலி நாலு எட்டுத் தூரம்கூட இல்லை.

இன்னொன்று. மாப்பிள்ளை பகடையை உருட்டுவார்; என்ன விழுந்தது என்று பார்க்க மாட்டார். நீயே சொல்லு என்று தங்கையிடம் விட்டுவிடுவார். அவள் சொல்வாள். இந்த வயதிலும் இப்படி ஒரு அன்னியோன்யமா என்று சிரப்பு கிண்டல் செய்வார். நாங்களும் அதை அன்பு என்றுதான் வைத்துக்கொண்டோம்.

எங்கள் வீட்டில் மாப்பிள்ளையை யாரும் திருத்துவதில்லை. என் அப்பா வைத்த வழக்கம், நான் காப்பாற்றி வருகிறேன். ஒருமுறை உறவினர் கல்யாணத்துக்குப் போகும்போது அவர் எங்கள் எல்லோரையும் வேறு மண்டபத்துக்குள் அழைத்துப் போய்விட்டார். வாசல் பலகையில் இருந்த பெயர்கள் வேறு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. உள்ளே போனோம், உட்கார்ந்தோம், சாப்பிட்டோம், முன்பின் தெரியாத மணமக்களை வாழ்த்திவிட்டு வீட்டுக்கு வந்தோம். சாப்பாடு நன்றாகவே இருந்தது. மாப்பிள்ளைக்கு இன்றுவரை தெரியாது.

அந்த ஞாயிறு வானம் மூடியிருந்தது. தம்பி மேசை விளக்கை மட்டும் போட்டிருந்தான். துடைக்கிற கருப்புத் துணியை விரித்து, உடைந்த வில்லைத் துண்டுகளை ஆறாகவும் ஏரியாகவும் வைத்திருந்தான். சுவரில் இருந்த ஃபிரேம்கள் எல்லாம் அந்த வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக்கொண்டு எங்களைப் பார்த்தபடி இருந்தன. கதையில் நாங்கள் ஒரு பயணக் கூட்டத்தை மலைக்கு மேல் கூட்டிப் போய்க்கொண்டிருந்தோம். கணவாயில் ஒரு சுங்கச்சாவடி வந்தது. உள்ளே ஆள் இல்லை, குரல் மட்டும். இந்தச் சாவடியில் கட்டணம் வாங்குவதில்லை, கொடுப்பதுதான் வழக்கம் என்றது அந்தக் குரல். கூட்டத்தில் முன்னால் போகிறவருக்கு ஒரு வரம். வாங்காமல் தாண்ட முடியாது.

நல்லதுக்கு இல்லை என்றார் சிரப்பு. முன்னால் இருந்தவர் மாப்பிள்ளை. அவர் அதிகம் யோசிக்கவில்லை.

"என் பின்னாடி வர்றவங்க பத்திரமாப் போய்ச் சேரணும். வேற ஒண்ணும் வேணாம்."

சிரப்பு மேசையைத் தட்டிப் பாராட்டினார். எனக்கும் பெருமையாக இருந்தது. தம்பி தலையாட்டிவிட்டு ஜோடிகளைக் கேட்க ஆரம்பித்தான். அவர்கள் பத்திரமாகச் சேர்கிறார்கள், நீங்கள் முன்னால் இருக்கிறீர்கள்; அவர்கள் பத்திரமாகச் சேர்கிறார்கள், வேறொருவர் முன்னால் இருக்கிறார், நீங்கள் கூட்டத்தோடு நடுவில். எது?

முன்னால் என்றார் மாப்பிள்ளை. இதைக் கேட்கவும் வேண்டுமா என்பது போல இருந்தது அவர் குரல்.

முன்னால் இருக்கிறீர்கள், சந்தேகம் வந்தால் திரும்பிக் கேட்பீர்கள். முன்னால் இருக்கிறீர்கள், யாரையும் கேட்கத் தேவையில்லை. எது?

கேட்கத் தேவையில்லை என்றார். வழி கேட்டு ஓட்டுகிறவன் நான் இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார். சிரப்பு சிரித்தார்.

தம்பி சிரிக்கவில்லை. தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அவன் அடுத்ததைக் கேட்காமலே விட்டுவிடுவான் என்று ஒரு கணம் நினைத்தேன். கேட்டான்.

"யாரையும் கேக்க வேண்டியதில்ல, பாதை எப்படி இருக்கோ அப்படியே தெரியும். யாரையும் கேக்க வேண்டியதில்ல. பாதை உங்க மனசுல எப்படி இருக்கோ அப்படித் தெரியும். எது அத்தான்?"

மாப்பிள்ளை மேசை விளிம்பை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்.

"மனசுல இருக்கிற மாதிரி. அதுதான் மாறாது."

என் தங்கை சேலைத் தலைப்பின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்தக் கை நின்றுவிட்டது. நான் தம்பியைப் பார்த்தேன், போதும் என்கிற அர்த்தத்தில். அவன் என் பக்கம் பார்க்கவில்லை. கடைசி ஜோடியை மிகவும் மெதுவாகச் சொன்னான். மனதில் இருக்கிற பாதை, பின்னால் வருகிறவர்கள் போய்ச் சேருகிறார்கள். மனதில் இருக்கிற பாதை, அவர்கள் சேர்ந்தார்களா என்று நீங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் மாப்பிள்ளை.

சொன்ன பிறகு அவருக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும்; வாயைத் துடைத்துக்கொண்டார். ஆனால் எங்கள் முறையில் அந்தச் சொல்லோடு முடிந்தது; அவர்கள் போய்ச் சேர்வது வரத்திலிருந்து உதிர்ந்துவிட்டது. கொடுத்தாச்சு என்றான் தம்பி. சாவடியின் தடுப்புக் கட்டை மேலே போனது.

அதற்குப் பிறகு பாதையை மாப்பிள்ளைக்கு விவரித்தான். வெள்ளையடித்த மைல்கல், இடப்பக்கம் தண்ணீர் கசியும் பாறை, வளைவு, வளைவு முடிந்ததும் கல்பாலம். மாப்பிள்ளையின் முகம் அப்படி மலர்ந்து நான் வெகுநாளாகப் பார்க்கவில்லை. தம்பி எழுந்து மற்ற மூன்று பேரையும் முன்பக்கம் வரச் சொன்னான். விற்பனை மேசைக்குப் பின்னால் நின்று தாழ்ந்த குரலில் சொன்னான். நீங்கள் பார்க்கிறது வேறு. மழையில் சரிவு இறங்கிவிட்டது. வளைவு இருக்கிறது, பாலம் இல்லை. இருந்த இடத்தில் காற்றுதான் இருக்கிறது. அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம், நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

இது எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. விளையாட்டில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். விளையாட்டுதானேண்ணா, சொல்லிட்டாப் போச்சு என்றான்.

திரும்பி வந்து உட்கார்ந்தோம். மாப்பிள்ளை மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். என்ன ரகசியம் என்று கேட்டார். நாங்கள் சிரித்து வைத்தோம்.

"அத்தான் பாலத்துல கால வைக்கிறார். நீங்க என்ன செய்றீங்க?" என்று தம்பி எங்களைக் கேட்டான்.

முறைப்படி மூத்தவன் முதலில் சொல்ல வேண்டும். என் காவலன் வரிசையை விட்டு விலகாதவன். பின்னால் வருகிறேன் என்றேன். சிரப்பு என் முகத்தைப் பார்த்தார், பெரியவர் போனால் நானும் போகிறேன் என்றார். அவர் குரலில் வழக்கமான குறும்பு இல்லை. எங்களை நம்பி வந்த கூட்டமும் எங்கள் பின்னால் வருகிறது என்றான் தம்பி, கைக்குழந்தைக்காரர்களும் உண்டு என்றான். பிறகு தங்கையிடம் திரும்பினான். அவள் தலைப்பை விரலிலிருந்து பிரித்துவிட்டாள். பிறகு, வர்றேன் என்றாள்.

தம்பி பகடை கேட்கவில்லை. யார் முதலில் விழுந்தார், யார் யாரைப் பிடிக்கப் பார்த்தார் என்று வரிசையாகச் சொன்னான். அலங்காரமாக எதுவும் சொல்லவில்லை. கடைசியில் மேலே யாரும் மிச்சமில்லை என்றான்.

மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. பாலம் இருந்ததே என்றார். உங்களுக்கு இருந்தது என்றான் தம்பி. இவங்களுக்கு என்று அவர் கேட்டதற்கு, அவங்களையே கேளுங்க என்றான். மாப்பிள்ளை சிரப்பின் பக்கம் திரும்பினார். எதற்கும் ஒரு பேச்சு கைவசம் வைத்திருக்கும் மனிதர், வில்லைத் துண்டு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாப்பிள்ளை என்னைக் கேட்டார். கேட்டால் பொய் சொல்வது என் பழக்கமில்லை. எங்களுக்குப் பாலம் இல்லை என்றேன்.

"அப்ப ஏன் மச்சான் சொல்லல?"

"நீங்க முன்னாடி போனீங்க மாப்பிள்ளை."

அவர் மெதுவாகத் தன் மனைவி இருந்த திசைக்குத் திரும்பினார். திசைக்கு என்றுதான் சொல்ல வேண்டும். அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் பார்வை அவள் தோளுக்குப் பக்கத்தில் இருந்த வெற்று நாற்காலியில் போய் நின்றது.

"உனக்குமா தெரியும்?"

"தெரியும்."

"பாலத்தச் சொல்றியா?"

"பாலமும்தான்" என்றாள்.

மாப்பிள்ளை கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நாங்கள் தப்பித்திருப்போம். அவர் கையை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு, எங்களிடம் இல்லை, அந்தத் துணியிடம் பேசினார். அடிவாரத்தில் விளக்குக் கம்பங்கள் இருக்கிறவரை பரவாயில்லை என்றார். அதற்கு மேல் கைதான் ஓட்டுகிறது, வளைவு வருவதைத் தோள் சொல்கிறது என்றார். எதிரில் வண்டி வந்தால் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பிடிபடுவதில்லை, சத்தத்தை வைத்து ஒதுங்குகிறேன் என்றார். ஒருமுறை சத்தமே இல்லாமல் ஏதோ உரசிக்கொண்டு போனது, இறங்கிப் பார்க்கவில்லை. பின்னால் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"முன் சீட்டுல ஒரு பாப்பா வரும், அம்மாகூட. மாமா ஹாரன் அடிங்கன்னு சொல்லும். அது குரல் தெரியும். முகம் எப்படி இருக்கும்னு தெரியாது."

மறுநாள் காலை வண்டி நிறைய ஆள் என்றும் சொன்னார்.

பிறகு எழுந்தார். நாற்காலிக்குப் போக நான்கு எட்டு கூட இல்லை. அந்தத் தூரத்தை அவர் சுவரில் கை வைத்துக் கடந்தார். கை பட்ட ஃபிரேம்கள் ஒன்றோடொன்று மோதி ஆடின. இத்தனை நாளும் அவர் இப்படித்தான் நடந்திருக்கிறார், நாங்கள் அதைச் சாவகாசமான நடை என்று நினைத்திருக்கிறோம். தம்பி நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்தான். தங்கை எழுந்து போய் அவர் பக்கத்தில் நிற்கவில்லை. இருந்த இடத்திலேயே கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். சிரப்பு வெளியே போகட்டுமா என்று சைகையால் கேட்டார். இருங்கள் என்றேன். பார்த்தவர் பாதியில் போனால் மீதியை ஊர் எழுதிக்கொள்ளும்.

டீ ஆறும் நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாயிற்று. இரண்டு கண்ணிலும் அழுத்தம் ஏறி, ஓரங்களிலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. நடுவில் ஒரு சாவித் துவாரம் அளவுக்கு மிச்சம், அதுவும் மங்கல். இது கண்ணாடி போட்டுச் சரியாகிற விஷயமல்ல, பெரிய டாக்டரிடம் உடனே காட்ட வேண்டும், இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்று தம்பி சொன்னான். சொல்லும்போது அத்தான் என்ற வார்த்தை அவனுக்கு வரவில்லை. சார் என்றான், வாடிக்கையாளரிடம் சொல்வது போல.

நாளைக்கு என்று தங்கை ஆரம்பித்தாள். நாளைக்கு இல்லை என்றார் மாப்பிள்ளை.

மறுநாள் விடியும் முன் அவரோடு டிப்போவுக்கு நான் போனேன். யாரும் கூப்பிடவில்லை, வீட்டு மாப்பிள்ளை அப்படி ஒரு இடத்துக்குத் தனியாகப் போகக்கூடாது. மேற்பார்வையாளரிடம் தனக்குப் பார்வை இல்லை என்று அவரே சொன்னார், சாவியை மேசைமேல் வைத்தார். அந்த மனிதர் சாவியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். எத்தனை நாளாக என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மாப்பிள்ளை சொன்ன பதிலை நான் இங்கே எழுதப்போவதில்லை. கேட்டதும் மேற்பார்வையாளர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார்.

வேறொரு ஓட்டுநர் ஏறினார். நாங்கள் வாசலில் நின்றோம். ஜன்னல்களில் தலைகள் சாய்ந்து தூங்கத் தொடங்கியிருந்தன. முன் சீட்டிலிருந்து ஒரு சின்னக் குரல், மாமா ஏன் ஏறவில்லை என்று கேட்டது. அவர் குரல் வந்த பக்கம் கையை உயர்த்தினார். வண்டி அதற்குள் தாண்டியிருந்தது. அது மலை அடிவாரத்தில் மறைந்த பிறகும் அவர் அங்கேயே நின்று, இப்போ பாறை, இப்போ வளைவு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் நிறுத்திவிட்டார். அடுத்து என்ன என்று நான் கேட்டேன். தெரியல மச்சான், இங்கதான் எப்பவும் கண்ண மூடிக்குவேன் என்றார்.

ஊரில் சொல்வது இது: சொத்துத் தகராறை மனதில் வைத்துக்கொண்டு என் தம்பி கையெழுத்துப் போட மறுத்தான், அதனால் மாப்பிள்ளையை வேலையிலிருந்து நீக்கினார்கள். எங்கள் குடும்பத்தில் சொத்துத் தகராறு இல்லை. அந்தச் சான்றுத் தாள் கடைக்குள் வரவே இல்லை. மாப்பிள்ளையை யாரும் நீக்கவில்லை. சாவியை அவரே கொடுத்தார்.